அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

எனக்கு இரண்டு மின்னஞ்சல் பெட்டிகள் உண்டு. இரண்டும் ஓசி. ஒன்று என் சொந்தப் பெயரில், ஆபீசுக்கும் வங்கிக்கும். இன்னொன்று குப்பைக்கு. துணிக்கடையில் பில் போடும் பெண், பல் டாக்டரின் ரிசப்ஷன், குலுக்கல் சீட்டு நீட்டுகிற செருப்புக் கடைக்காரர், திறந்ததும் முதல் வேலையாக மெயில் ஐடி கேட்கிற ஆப்புகள், இவர்கள் எல்லோருக்கும் அந்த இரண்டாவதுதான். இது அந்தக் குப்பைப் பெட்டியின் கதை. அதை நான்தான் திறந்தேன், நான்தான் அதற்குள் மாட்டிக்கொண்டேன், யாரையும் குறை சொல்ல வழியில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்த புதிது. அப்போது எனக்கு ஒரே ஒரு பெட்டிதான். அதைத் திறந்தாலே எரிச்சல் வரும். லோன் வேண்டுமா, வரன் வேண்டுமா, முடி கொட்டுகிறதா என்று ஊரில் உள்ளவனெல்லாம் விசாரிப்பான். அம்மாவின் முட்டி வலிக்கு ஒரு தைலத்தைப் பற்றி ஆபீஸ் தோழிக்கு எழுதினேன். மறுநாளிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முட்டித் தைலம். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

பக்கத்து சீட்டில் ஸ்டோர்ஸ் பார்த்த பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஓசில குடுக்கிறான்னா சும்மாவா குடுப்பான்? நம்மளப் பத்தி அல்லாத்தையும் எழுதி வெச்சிக்கினுதான் கீறான். பேசாம இன்னொண்ணு ஓபன் பண்ணு. பேரு, கீரு எல்லாம் டூப்பா குடு. கேக்கிறவனுக்கெல்லாம் அத்தக் குடு."

யோசனை பிடித்துவிட்டது. மதிய இடைவேளையில் உட்கார்ந்தேன். பெயர் என்ற கட்டம் முதலில் வந்து நின்றது. டூப்புப் பெயர் ஒன்று கண்டுபிடிப்பது அத்தனை லேசாக இல்லை. எந்தப் பெயரை நினைத்தாலும் அந்தப் பெயரில் ஆபீசில் ஒருத்தி, சர்ச் சபையில் ஒருத்தி, எதிர் ஃபிளாட்டில் ஒருத்தி இருந்தாள். இன்னொருத்தியின் தலையில் குப்பையைக் கொட்டுவானேன். யாருக்குமே இல்லாத பெயராக வேண்டும் என்று யோசித்தபோது, தானாக ஒன்று வந்து விரல் நுனியில் நின்றது. அது என் அம்மாவின் பழைய பெயர்.

அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது, நான் எட்டாவது படிக்கையில், பீரோவின் அடித்தட்டில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே ஒரு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்தேன். பிறந்த தேதி அம்மாவுடையது. பெயர் வேறு, இனிஷியல் வேறு. "இது யாரும்மா?" என்று தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். அம்மா தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அதைப் பிடுங்கினாள். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல" என்றாள். அடிக்கவில்லை, திட்டவில்லை.

அப்பாதான் பிறகு சொன்னார். அவர் ஆவடிக்கு வேலைக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். அம்மா அங்கே டைப்பிஸ்ட். வேறு சாதி, வேறு மதம், இரண்டு முரட்டு அண்ணன்கள். ஒருநாள் கட்டின புடவையோடும் அந்த மார்க் ஷீட்டோடும் அப்பாவுடன் ரயில் ஏறிவிட்டாள். ஞானஸ்நானம் கொடுத்து வேறு பெயர் வைத்து, சர்ச்சில் கல்யாணம் நடந்தது. மூன்றாம் மாதம் அண்ணன்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பழைய பெயரைச் சொல்லி வீடு வீடாகக் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டம்மா, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அப்போது அம்மா அவர் வீட்டு பாத்ரூமில் தாழ் போட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள் என்பதை அப்பா எனக்குச் சொல்லவில்லை. "அந்தம்மா பொய் சொல்லலைம்மா, அந்தப் பேர்ல அப்ப யாரும் இல்லதானே" என்று மட்டும் சொல்லுவார்.

அதோடு அந்தப் பெயர் ஒழிந்தது. ஊருக்கு ஒரு கடிதம் கிடையாது, ஒரு சாவுக்குப் போனது கிடையாது. சபையில் மாதர் சங்கப் படம் எடுக்கும்போதெல்லாம் அம்மா காபி போடப் போய்விடுவாள். யார் வீட்டு விலாசம் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்பத்தூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் நானும் அவளும்தான். கதவில் மூன்று தாழ்ப்பாள்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தப் பெயரை எடுத்துத் தட்டினேன். யாரும் இல்லாத பெயர்தானே என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

அடுத்த கட்டம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர். மார்க் ஷீட்டில் பார்த்த இனிஷியலைப் போட்டேன், 'வி' என்று. ஓர் எழுத்து செல்லாது, குறைந்தது இரண்டு வேண்டும் என்றது. நான் இன்னொரு 'வி' போட்டேன். வாங்கிக்கொண்டது. அதற்கடுத்து கைபேசி எண். என் எண்ணைக் கொடுத்தால் இத்தனை டூப்பும் வீணாகிவிடும் என்று அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். அவளுக்கு யார் பேசப்போகிறார்கள், சபையிலிருந்து நாலு பேர் பேசுவார்கள். ஆபீசிலிருந்தே கூப்பிட்டு, "ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, படி" என்றேன். "இன்னாத்துக்குடி?" என்று கேட்டுக்கொண்டே படித்தாள். ஆபீஸ் விஷயம் என்றேன்.

கொஞ்ச நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கவுண்டரிலும் தயங்காமல் மூன்றையும் ஒப்பிப்பேன்: அந்தப் பெயர், அந்த மெயில், அம்மாவின் எண். எப்போதாவது திறந்து பார்த்தால், 'அன்புள்ள வி வி அவர்களே' என்று பழைய பெயரையும் சேர்த்து வரிசையாக நூறு பேர் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். எமகாதகி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சிக்கல் மெல்ல வந்தது. அவசரத்தில் சமையல் கேஸுக்கு அதையே கொடுத்திருந்தேன். பிறகு கரண்ட் பில்லுக்கு. பிறகு அம்மாவின் முட்டிக்கு ஆஸ்பத்திரியில் கார்டு போட்டபோது, பழக்கதோஷத்தில் அந்த மெயில்தான் வாயில் வந்தது. ஸ்கேன் படம், அடுத்த தேதி எல்லாம் அதில்தான் வரும். மாற்றலாம் என்று போனால், மாற்றுவதற்கான அனுமதிக் கடிதம் பழைய பெட்டிக்குத்தான் போகும். அதை ஒப்புக்கொள்ளப் போனால் ரகசிய எண் அம்மாவின் கைபேசிக்குப் போகும். ஒவ்வொன்றாக அவிழ்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். இரண்டு அவிழ்ந்தன, மூன்றாவதில் "உங்கள் அடையாளச் சான்றிலுள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் பொருந்தவில்லை" என்று வந்தது. எப்படிப் பொருந்தும். மூடி வைத்துவிட்டேன். இனி கடிதம் வேண்டாம் என்று சொல்லும் பொத்தானை அழுத்தினால், இந்தப் பெட்டியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்து இன்னும் பத்து பேர் வந்தார்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை. நான் கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். கைபேசி அடித்தது, எடுத்தாள். ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

"வணக்கம் மேடம். நான் யார்கிட்ட பேசறேன்…" என்று தொடங்கி, அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி, "மேடம்தானே?" என்று முடித்தாள்.

கத்தியைக் கீழே வைத்தேன். நாற்பத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் அடைகாத்து வைத்திருந்த அந்த ஒரு வாக்கியத்தை அம்மா சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ஆமா, நாந்தான் பேசுதேன்" என்றாள்.

பேசுதேன். என் வாழ்நாளில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அம்மா ஆவடித் தமிழ் பேசுகிறவள். 'இன்னாடி' என்பாள், 'அத்த எட்தா' என்பாள். இது அந்த ரயிலோடு விட்டுவந்த பேச்சு என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தப் பெண், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் மனை போட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏசி வண்டியில் இலவசமாகக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள், சாப்பாடு உண்டு என்று ஒப்பித்தாள். அம்மா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். கடைசியில் "வாரேன்" என்று சொல்லி, வீட்டு விலாசத்தையும் கதவு எண்ணோடு கொடுத்துவிட்டு வைத்தாள்.

நான் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டூப்புப் பெயர், கட்டம், இரண்டு 'வி', அவள் எண். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தினி வருஷமா?" என்றாள்.

"ஏழு."

"மொத மொத போன வருஷம் பொங்கலுக்கு முன்னாடி ஒருத்தன் கூப்ட்டான். ஆம்பளக் குரலு. பேரச் சொன்னதும் போன அப்பிடியே போட்டுட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பொங்கலுக்கு முன் இரண்டு நாள் அவள் சர்ச்சுக்குப் போகவில்லை, பால் வாங்கக் கீழே இறங்கவில்லை, காய்ச்சல் என்றாள். நான் ஆபீசிலிருந்து வந்து மணியடித்தால் கதவு திறக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "பாத்ரூம்ல இருந்தேன்" என்றாள். நானும் மாத்திரை கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டேன். என் அம்மாவை மறுபடியும் பாத்ரூமில் தாழ்போட்டு உட்கார வைத்தது அந்த அண்ணன்கள் இல்லை, நான்தான். பாவி நான்.

"அப்புறம் தெனம் கூப்ட ஆரம்பிச்சாங்க" என்றாள் அம்மா. "நீ ஆபீஸ் போன பின்னாலதான் வரும். ஒருநா இன்னாதான் சொல்றாங்கன்னு கேட்டேன். லோன் வேணுமான்னு கேட்டா ஒரு பொண்ணு. மரியாதையா, பேரச் சொல்லி." கைபேசியைத் திருப்பிப் பார்த்தாள். "ஏழு வருஷமா எம்பேருக்கு லெட்டர் வருதுன்ற. எங்கிட்ட ஒண்ணு கூட காட்டலியேடி."

அவளை அந்த வண்டியில் போகவிடாமல் தடுக்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன். உன் விலாசம் இப்போது அவர்களிடம் இருக்கிறது, இதை அவர்கள் நாலு பேருக்கு விற்பார்கள், யார் கையில் எது போகும் என்று தெரியாது என்று கத்தினேன். அவள் பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். மறுநாள் காலை, ஆராதனைக்குக் கட்டுகிற பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஆராதனைக்குப் போகாமல் வாசலில் போய் நின்றாள். நானும் ஏறிக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

வண்டியில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் இருந்தார்கள். திருமுல்லைவாயில் தாண்டி ஆவடிக்குள் நுழைந்ததும், பழைய குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன். நிமிர்ந்துதான் இருந்தாள். பூந்தமல்லியில் மெட்ரோவுக்காக அடைத்த தகரத்துக்கு நடுவில் வண்டி அரை மணி நேரம் நகரவில்லை. "தோண்டுறானுங்கோ, மூடுறானுங்கோ, மறுக்கா தோண்டுறானுங்கோ" என்று டிரைவர் புலம்பிக்கொண்டிருந்தார். டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் கையில் டேப்லெட்டுடன் ஒவ்வொருவராக விவரம் வாங்கிக்கொண்டு எங்கள் சீட்டுக்கு வந்தார். பெயர் அவரிடமே இருந்தது. இரண்டு 'வி'யையும் சேர்த்து வாசித்தார்.

"ஒரு வி போதும் தம்பி" என்றாள் அம்மா. "எங்கப்பாவுக்கு ஒரு பேருதான்."

"சொந்த ஊர் எதும்மா?"

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். சொல்லாதே என்று அர்த்தம். அவள் சொன்னாள். ஊர், பக்கத்து ஊர், ஆற்றங்கரை வரைக்கும் சொன்னாள். என் தாயின் ஊர்ப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு மனை விற்கிற வண்டியில், ஒரு டேப்லெட்டில் ஏறும்போது.

"அப்படியாம்மா, அந்தப் பக்கத்துலேர்ந்து நமக்கு நெறைய கஸ்டமர்ஸ் இருக்காங்க. போன வாரம்கூட ரெண்டு ஃபேமிலி வந்தாங்க" என்றார் அவர்.

என் பிடிக்குள் அம்மாவின் கை சில்லிட்டுப் போயிற்று. எனக்கு இறங்கி ஓடவேண்டும் என்றிருந்தது. வண்டியின் கதவு வெளியிலிருந்து தள்ளித் திறக்கிற கதவு, இரண்டு பக்கமும் தகரம். அம்மா சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அங்கே போனால் காய்ந்த புல்லும், நட்ட கல்லும், கலர் கலராகக் கொடியும்தான். தூரத்தில் ஏரிக்கரை ஒரு கோடாகத் தெரிந்தது. விற்பனைக்காரர் ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டு போனார். மனையைப் பற்றி அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. "இப்படி வாங்கம்மா" என்று அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவர் முடிப்பதற்குள் அம்மா திரும்பிவிடுவாள். சபையில் அவளை இரண்டு தரம் கூப்பிட வேண்டும், காது மந்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு தரம்கூட இரண்டாவது தரம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நான் வெயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது.

கிளம்புவதற்கு முன் எல்லோரையும் பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அம்மா காபி போடப் போகவில்லை. முன் வரிசையில், நடுவில், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். படத்தை மெயிலில் அனுப்புகிறோம் என்றார்கள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். இந்த சனியனை இன்றோடு ஒழித்துவிடுவது என்று குப்பைப் பெட்டியைத் திறந்தேன். ஆஸ்பத்திரி போனால் போகட்டும், நேரில் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம். கணக்கை நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. அம்மா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அழிச்சிட்டா கூப்ட மாட்டாங்களா?"

"கூப்பிடுவாங்கம்மா. பேரும் நம்பரும் எப்பவோ கைமாறிப் போச்சு. இது லெட்டர் பொட்டி மட்டும்தான்."

"அப்ப இத்த எதுக்கு அழிக்கிற?"

அழித்தாலும் எங்களுக்குப் பத்திரம் இல்லை, வைத்திருந்தாலும் இல்லை. "உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இல்லாம?" என்றாள் அம்மா. "இப்பவும் ஆம்பளக் குரலா இருந்தா கை ஒதறுது." பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்கப்பாகூட அந்தப் பேரச் சொன்னதில்லடி. வாய் தவறிக்கூட. அவரு போனப்புறம் எனக்கே மறந்துடும்னு நெனச்சேன்."

படம் ஸ்பேமில் போய் விழுந்திருந்தது. முப்பது நாளில் அதுவே அழிந்துவிடும் என்று மேலே எழுதியிருந்தது. 'ஸ்பேம் இல்லை' என்ற பொத்தானை அழுத்தினேன். அதற்குக் கீழே இருந்த கடிதத்துக்கும் அழுத்தினேன், அதற்குக் கீழே இருந்ததற்கும். லோன்காரர்களும் முடித் தைலக்காரர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கடிதத்தின் முதல் வரியை மட்டும் வாசித்துக்கொண்டு வந்தாள்.

கதவில் இப்போது நான்காவதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். ஆபீசில் உட்கார்ந்திருந்தாலும் மனம் அந்தக் கதவில்தான் இருக்கிறது. பெட்டியை அழிக்கவில்லை.

போன வாரம் அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கைபேசி கூடத்தில் அடித்தது. நான் எடுத்தேன். ஆண் குரல், கொஞ்சம் வயதான குரல். எடுத்த எடுப்பில் அந்தப் பெயரைச் சொல்லி, "இருக்காங்களா?" என்று கேட்டது.

பின்னணியில், கால் சென்டர் மாதிரி, இன்னும் பத்து பேர் பேசுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. அந்த வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் ஒரு நாளைக்காவது நிம்மதி.

"இருக்காங்க. ஒரு நிமிஷம்" என்றேன். படியில் ஏறிப் போய், ஈரக் கையோடு நின்றவளிடம் கைபேசியை நீட்டினேன். "உனக்குத்தாம்மா."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.